கஞ்சாப் பயிரில் காய்ப்புழுவும் மொட்டழுகலும்

திறந்தவெளியில் வளரும் கஞ்சாச் செடியின் (கன்னாபிஸ் சாட்டிவா) பெண் பூங்கொத்துகளை அறுவடை நெருங்கும் வேளையில் பாழாக்கும் இரு கேடுகள் இவை. ஒன்று அந்துப்பூச்சியின் புழு. மற்றொன்று போட்ரைட்டிஸ் சினேரியா என்னும் சாம்பல் பூஞ்சாணம். பயிர்ப் பாதுகாப்பு நூல்கள் பூச்சிக்கு ஓர் அதிகாரமும் நோய்க்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கினாலும், வயலில் இவை பெரும்பாலும் கைகோத்தே வருகின்றன. புழு குடைந்த இடத்தில் பூஞ்சாணம் குடியேறுகிறது. புழுவை விட்டுவிட்டு அழுகலுக்கு மட்டும் மருந்து தேடுவது வீண் செலவு.

பயிரும் பருவமும். லின்னேயஸ் 1753-இல் இச்செடிக்குக் கன்னாபிஸ் சாட்டிவா என்று பெயரிட்டார். இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு லமார்க் 1785-இல் கன்னாபிஸ் இண்டிகா என்னும் இரண்டாம் இனத்தை வகுத்தார். தாவரவியலர்கள் ஸ்மாலும் குரோன்குவிஸ்டும் 1976-இல் இரண்டையும் ஒரே இனத்துக்குள் கொண்டுவந்தனர். இக்கட்டுரை அதையே பின்பற்றுகிறது. மொட்டழுகலைப் பொறுத்தவரை இனப்பெயரைவிடப் பூங்கொத்தின் அமைப்பே முக்கியம். தளர்ந்து நீண்ட கொத்துகளில் காற்று புகுந்து ஈரம் உலர்கிறது. இறுகித் தடித்த கொத்துகளில் ஒரு மழையின் நீர் நாள் முழுதும் தங்கிவிடும். பகல் குறுகும்போது பூக்கும் செடி இது என்பதால், வட அமெரிக்காவில் கொத்துகள் செப்டம்பர், அக்டோபரில் முற்றுகின்றன. பனியும் இலையுதிர்கால மழையும் தொடங்குவதும் அப்போதுதான்.

பூஞ்சாணத்தின் வரலாறு. போட்ரைட்டிஸ் பேரினத்தை முதலில் வகுத்தவர் புளோரன்ஸ் நகரத்துத் தாவரவியலர் பியர் அந்தோனியோ மிக்கேலி. அவருடைய நூல் 1729-இல் வெளிவந்தது. சினேரியா என்னும் இனப்பெயரை 1794-இல் தந்தவர் பெர்சூன். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் பிறந்து, பிற்காலத்தைப் பாரிஸில் கழித்த இவர், பூஞ்சாணவியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். 1866-இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி, பெசிசா ஃபுக்கெலியானா என்னும் கிண்ண வடிவப் பூஞ்சாணத்தை விவரித்து, அது இச்சாம்பல் பூஞ்சாணத்தின் பாலின நிலையே என்றார். சோதனை வழியே இத்தொடர்பை உறுதிசெய்ய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதைச் செய்தவர்கள் குரோவ்ஸ், டிரேட்டன் என்னும் இருவர். 1945-இல் வெட்செல் பாலின நிலைக்கு போட்ரையோட்டினியா என்னும் புதுப் பேரினம் அமைத்தார். ஒரே உயிர் இரு பெயர்களோடு வாழ்ந்த இந்த நிலை, 2011-ஆம் ஆண்டு மெல்போர்ன் தாவரவியல் மாநாட்டின் 'ஒரு பூஞ்சாணம், ஒரு பெயர்' முடிவுக்குப் பிறகே தீர்ந்தது. போட்ரைட்டிஸ் என்ற பழைய பெயர் நிலைபெற்றது. இதன் மரபணுத்தொகை வரிசையும் 2011-இலேயே வெளியானது. திராட்சை, ஸ்ட்ராபெரி, தக்காளி, ரோஜா என ஆயிரத்துக்கு மேற்பட்ட தாவர இனங்களில் இது வாழ்கிறது. ஹங்கேரியின் டோக்காய், பிரான்சின் சோட்டர்ன் பகுதிகளில் இதே பூஞ்சாணம் பிடித்த திராட்சையிலிருந்து புகழ்பெற்ற இனிப்பு ஒயின் வடிக்கிறார்கள். கஞ்சாவில் அப்படி எந்த நன்மையும் இல்லை.

புழுக்கள். அமெரிக்க வயல்களில் முதன்மையானது மக்காச்சோளக் கதிர்ப்புழு (ஹெலிகோவெர்பா சியா). மக்காச்சோளக் கதிரின் பட்டிழைகள் காய்ந்தபின் தாய் அந்துப்பூச்சி பக்கத்துக் கஞ்சா வயலுக்கு மாறுகிறது. இரவில் பறந்து முட்டைகளை ஒவ்வொன்றாக இடுகிறது. பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் காணப்படும் புழு முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 4 செ.மீ. நீளும். தமிழ்நாட்டில் பருத்தி, துவரை, தக்காளி விவசாயிகளை வாட்டும் பச்சைக் காய்ப்புழு (ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா) இதன் நெருங்கிய உறவு. இவற்றைத் தவிர, தண்டைக் குடையும் ஐரோப்பிய மக்காச்சோளத் துளைப்பானும், ஆசிய-ஐரோப்பியக் கஞ்சா அந்தும் (கிராஃபோலிட்டா டெலினியானா) உண்டு.

அறிகுறி. பச்சையாக இருக்கும் கொத்தில் ஒரே ஒரு சிற்றிலை மட்டும் வாடி நிற்பதே முதல் அடையாளம். மெல்ல இழுத்தால் அது எதிர்ப்பின்றிக் கையோடு வரும். கொத்தைப் பிளந்து பார்த்தால் உள்தண்டு பழுப்பேறி மென்மையாகி, சாம்பல் நிற இழைகள் படர்ந்திருக்கும். தொட்டவுடன் வித்துத்துகள் தூசியாக எழும். அதே பிளவில் மிளகுத்தூள் போன்ற புழுவின் எச்சமும், சிலசமயம் புழுவும் கிடைக்கும். அந்த எச்சம் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, கடிபட்ட திசு பூஞ்சாணத்துக்கு உணவாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கொத்து நலமாகவே தெரியும் என்பதுதான் இந்நோயின் கொடுமை. ஆறுமாத உழைப்பு உள்ளிருந்து அழிகிறது. புழு இல்லாத வயலிலும் தொடர்மழையில், வாடிய சூல்முடிகள் வழியே பூஞ்சாணம் நுழைவதுண்டு.

கட்டுப்பாடு. புழுவுக்கு எதிரான முதன்மை ஆயுதம் பி.டி. எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர். ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரெனச் சாவதன் காரணத்தைத் தேடிய இஷிவாட்டா 1901-இல் இதைக் கண்டார். பெர்லினர் 1911-இல் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதி மாவு அந்தின் புழுவில் மீண்டும் கண்டு, 1915-இல் பெயரிட்டார். 1938-இல் பிரான்சில் ஸ்போரெயின் என்ற பெயரில் முதல் வணிகத் தயாரிப்பு வந்தது. கனடாவின் ஆங்கஸ் 1954-இல் புழுவைக் கொல்வது நுண்ணுயிருக்குள் இருக்கும் புரதப் படிகமே என்று காட்டினார். 1970-இல் டல்மேஜ் விவரித்த எச்.டி.-1 என்னும் குர்ஸ்டாக்கி வகை இன்றைய பல தயாரிப்புகளின் மூலம்.

புழு இதைத் தின்றால்தான் பலன் உண்டு. அதன் காரத்தன்மை கொண்ட குடலில் படிகம் கரைந்து குடற்சுவர் சிதைகிறது. தின்பது விரைவில் நின்று, சில நாளில் புழு சாகிறது. வெயிலில் மருந்தின் வீரியம் சில நாளிலேயே குறைவதால், மாலையில் தெளித்து, தாய்ப்பூச்சி பறக்கும் காலம் முழுதும் திரும்பத் தெளிக்க வேண்டும். கொத்துக்குள் புகுந்துவிட்ட பெரிய புழுவை இது அநேகமாக எட்டாது. ஆகவே இனக்கவர்ச்சிப் பொறியில் அந்து விழத் தொடங்கியதும், பூ இறுகுமுன் தெளிப்பதே சரி. புழுவைத் தாக்கும் என்.பி.வி. வைரஸும் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியும் துணைநிற்பவை. இவ்விரண்டும் தமிழ்நாட்டுப் பருத்தி விவசாயிகளுக்குப் பழக்கமானவை.

அழுகிய கொத்தைக் குணமாக்கும் மருந்து கிடையாது. அழுகலுக்குக் கீழே, நலமான தண்டு தெரியும் இடத்தில் வெட்டி, அங்கேயே பைக்குள் போட்டுக் கட்டி, வயலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். கத்தரிக்கோலை ஒவ்வொரு வெட்டுக்கும் பின் எரிசாராயத்தில் துடைக்க வேண்டும். பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற உயிர்மருந்துகள் நோய் வருமுன் தெளித்தால் மட்டும் ஓரளவு உதவும். செடிக்குச் செடி இடைவெளி, அடிக்கிளை கழித்தல், சொட்டுநீர், அளவான தழைச்சத்து, மழைக்கு முன்பே முற்றும் ரகம் ஆகியவை எந்தத் தெளிப்பையும்விட நம்பகமானவை. அறுவடைப் பொருளைப் பலர் புகைப்பதால், பூ முற்றியபின் எதையும் தெளிக்கலாகாது. பூஞ்சாணம் பட்ட பகுதியை உலர்த்தி நல்லதோடு கலப்பது, நோயெதிர்ப்பு குன்றிய நோயாளிகளின் நுரையீரலோடு விளையாடுவதாகும்.

இன்றைய நிலை. அமெரிக்காவில் 2018 வேளாண் சட்டம் போதைப்பொருள் அளவு 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத தொழிற்கஞ்சாவை அனுமதித்தது. 2019 டிசம்பரில் 10 பூச்சி, நோய் மருந்துகளுக்கு அதில் ஒப்புதல் கிடைத்தது, அவற்றுள் 9 உயிர்மருந்துகள். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி பூங்கொத்துதான் கஞ்சா. உத்தரகாண்ட் 2018 முதல் தொழிற்கஞ்சாவுக்கு உரிமம் தருகிறது, தமிழ்நாட்டில் பயிரிடுவது குற்றம்.