பதினொரு சொற்பொழிவு

வரும் மே மாதம் எங்கள் பங்கில் இளைஞர் இயக்கத் தொண்டர்களுக்கு மூன்று நாள் தலைமைப் பயிற்சி முகாம். பேரன் நிகழ்ச்சி நிரலைக் காட்டினான். எண்ணிப் பார்த்தேன், பதினொரு சொற்பொழிவு. 1974இல் நான் போன முகாமிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். குழுப்படம் எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். போன இருபது பேரில் அந்தக் கிறிஸ்துமசுக்குக் குடில் கட்ட வந்தவர்கள் மூன்று பேர்.

எங்கள் பிரெஞ்சுக்காரச் சாமியாரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் கார்டெய்ன் கதையைச் சொன்னார். பிரெஞ்சில் படித்தவனாகையால் பிறகு நானே தேடிப் படித்தேன்.

ஜோசப் கார்டெய்ன் 1882இல் பிரஸ்ஸல்ஸில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பள்ளித் தோழர்கள் அவரை அந்நியனாகப் பார்த்தார்கள். முதலாளி பக்கம் போனவன் என்று எண்ணிவிட்டார்கள். அந்தக் காயம் ஆறவேயில்லை. 1903இல் தந்தை இறந்தபோது, தொழிலாளருக்கே தன் வாழ்வு என்று சபதம் செய்தார்.

1912இல் லேக்கன் பங்குக்குத் துணைக்குருவாக வந்தார். தையல் வேலை செய்யும் பெண்களை உட்காரவைத்து அவர் பிரசங்கம் செய்யவில்லை. பட்டறையில் எத்தனை மணி நேரம் வேலை, கூலி என்ன என்று அவர்களையே விசாரித்து வரச் சொன்னார். கண்டதைக் கூடிப் பேசி, நற்செய்தியோடு வைத்துப் பார்த்து, செய்யவேண்டியதை முடிவு செய்வார்கள். வுவார், ஜூஜே, அஜீர்: பார், சீர்தூக்கு, செய். 1925இல் பிறந்த இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தின் பயிற்சி முறையே இதுதான். 1961இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் இதைப் பரிந்துரைத்தார். இப்படி உருவான தலைவர்கள் சாமானியர்கள் அல்லர். கார்டெய்னின் முதல் தோழர்களான பெர்னான் தொன்னே, போல் கார்சே இருவரும் 1945இல் டாஹாவ் வதைமுகாமில் மாண்டார்கள்.

எங்கள் சாமியாரும் அதையே செய்தார். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, டீக்கடைப் பையன்கள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னார். கடை பெஞ்சில் மழையில் நனைந்தபடி தூங்குகிறவன் எங்கள் தெருக்காரப் பையன்! தினம் அங்கேதான் டீ குடித்தேன், கவனித்ததில்லை. கோயில் மண்டபத் தாழ்வாரத்தை அவர்கள் படுப்பதற்குக் கேட்டு வாங்கினோம். மாலையில் அரை மணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கக் கடைக்காரர்களிடம் கெஞ்சினோம், இருவர்தான் சம்மதித்தார்கள். ஆனால் எங்களில் ஒருவனும் விலகவில்லை.

பேரனின் தாளில் எட்டு சொற்பொழிவை அடித்தேன். இரண்டாம் நாள் பிற்பகல் இருவர் இருவராகப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பு, மூன்று வாரம் கழித்து மறுபடியும் கூட்டி என்ன செய்தார்கள் என்று கேள் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"பேசுறவங்களுக்கு ஏற்கெனவே கடிதம் போயிடுச்சே, தாத்தா" என்கிறான்.