குறையாற்றல் எலக்ட்ரான்கள்

கதிர்வீச்சு உயிரணுவில் பாயும்போது நீர் முதலிய மூலக்கூறுகளிலிருந்து தெறிக்கும் துணை எலக்ட்ரான்கள். பெரும்பாலானவை 20 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றலுடையவை. 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ளவை டி.என்.ஏ.வின் ஓரிழையையும் ஈரிழையையும் முறிப்பதைக் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழுவினர் 2000-இல் நிறுவினர். அயனியாக்க வரம்புக்குக் கீழும் முறிவு நேர்வதே இதில் முதன்மையான செய்தி. எலக்ட்ரான், டி.என்.ஏ.வின் காரப்பகுதியில் கணநேரம் ஒட்டி நிலையற்ற எதிரயனியாகிறது. அது சிதையும்போது காரப்பகுதியிலோ, சர்க்கரை–பாஸ்பேட் முதுகெலும்பிலோ பிணைப்பு அறுகிறது. ஓரிழை முறிவை எதிரிழையை அச்சாகக் கொண்டு உயிரணு செப்பனிடும். ஈரிழை முறிவு அப்படியன்று. பிழையாக இணைந்தால் மரபுத்திரிபோ, உயிரணு இறப்போ நேரும். புற்றுநோய்க் கதிர்சிகிச்சை, கட்டியில் இத்தகைய முறிவுகளைப் பெருக்கியே பயன் தருகிறது. புரோமோயுராசில் போன்ற கதிர்-உணர்வூட்டிகள் எலக்ட்ரானை எளிதில் ஏற்றுப் புரோமைடை உதிர்ப்பதால் முறிவு மிகுகிறது.