கைக்கு வந்து, கைவிட்டுப் போய், மறுபடி வந்த ஒரு திருகு – பைக் முன் ஃபோர்க்கின் கதை

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவட்டை போலப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழாய்களுக்குத்தான் ஃபோர்க் என்று பெயர். வண்டி வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், விலை கேட்பார்கள், கலர் கேட்பார்கள். ஃபோர்க்கைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. வாங்கிய பிறகு முதுகு வலிக்கும்போதுதான் அதன் ஞாபகம் வரும்!

தூத்துக்குடி மாவட்டத்தில் இந்த ஞாபகம் வருவதற்கு இரண்டு காரணங்கள் கூடுதலாக உண்டு. ஒன்று கரிசல் மண். ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் மழை பெய்தால் மண் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட ரோடு நாளடைவில் அலை அலையாக ஆகிவிடும். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்க்க பைக்கில் போகிறவர்களுக்கு இந்த அலை தெரியும். இரண்டாவது காரணம் உப்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்பிரிங் மட்டும் போதாது

மோட்டார் சைக்கிள் பிறந்த காலத்தில் அது என்ஜின் மாட்டிய சைக்கிள்தான். முன்னால் ஸ்பிரிங் கிடையாது. பிறகு வந்தது கர்டர் ஃபோர்க். இரும்புச் சட்டம் ஒன்று, அதை மேலும் கீழும் ஆடவிடும் சிறு இணைப்புகள், நடுவில் ஒரு பெரிய ஸ்பிரிங். 1932ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 'புல்லட்' என்ற பெயரில் முதலில் விட்ட வண்டியிலும் இந்த வகை ஃபோர்க்தான் இருந்தது.

ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அமுக்கினால் வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி அதன் பிறகு நாலு தடவை குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்கத்தான் கர்டர் ஃபோர்க்கின் பக்கத்தில் உராய்வுத் தட்டுகளை வைத்தார்கள். அவற்றை இறுக்க ஒரு கைத்திருகு இருந்தது. பின்னால் ஆள் ஏறினால் கொஞ்சம் இறுக்கலாம், தனியாகப் போனால் தளர்த்தலாம். ஓட்டுகிறவரே தன் வண்டியை அப்போதைக்கப்போது சரி செய்துகொள்ளும் வசதி 1930களிலேயே இருந்தது என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

ஆனால் உராய்வுத் தட்டுகள் மழையில் நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். சிறிய மேடுகளுக்கு அசையவே அசையாது. இதற்கு விடை எண்ணெயில் இருந்தது.

எண்ணெய் வந்தது, திருகு போனது

ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழையும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் என்ற யோசனை பழையது. இங்கிலாந்தின் ஸ்காட் மோட்டார் சைக்கிளில் 1908லேயே அது இருந்தது. ஆனால் குதிப்பை அடக்க உள்ளே எண்ணெய் இல்லை. 1935ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி ஆர்12, ஆர்17 என்ற வண்டிகளில் அந்தக் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி விற்பனைக்கு விட்டது. ஃபோர்க் அமுங்கி எழும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியாகத்தான் போய்வர முடியும். அப்படி நெருக்கியடித்துப் போவதில் குதிக்கும் சக்தி சூடாக மாறித் தீர்ந்துவிடும். விஷயம் இவ்வளவுதான்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941ல், பிரிட்டிஷ் ராணுவத்தின் மேட்ச்லெஸ் ஜி3எல் வண்டியும் இதே வழிக்கு வந்தது. போர் முடிந்ததும் கர்டர் ஃபோர்க்கின் காலமும் முடிந்தது.

1949ல் விற்பனைக்கு வந்த புதிய புல்லட்டில் எண்ணெய் ஊற்றிய டெலஸ்கோப்பிக் ஃபோர்க் இருந்தது. 1950களில் இந்திய அரசு ராணுவத்துக்காக 350 சி.சி. புல்லட் 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. சென்னை திருவொற்றியூரில் முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள். 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. இங்கிலாந்தில் ரெடிச் தொழிற்சாலை 1967ல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது.

எல்லாக் கம்பெனியும் ஒரே வழியில் போகவில்லை. போலந்து வண்டியைப் பின்பற்றி எஸ்கார்ட்ஸ் தயாரித்த முதல் ராஜ்தூத் 175ல் வேறு மாதிரி இணைப்பு ஃபோர்க் இருந்தது. ஆனால் 1984ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985ல் ஹீரோ ஹோண்டா என்று ஜப்பானிய 100 சி.சி. வண்டிகள் வந்ததும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கே வழக்கமாகிவிட்டது.

லாபம் நிறைய. கிரீஸ் போடும் வேலை குறைந்தது, சொகுசு கூடியது. நஷ்டம் ஒன்றுதான். அந்தக் கைத்திருகு காணாமல் போனது! கம்பெனி சராசரியாக ஒரு எடையைக் கணக்குப் போட்டு ஸ்பிரிங்கை வைத்தது. நம் ஊரில் சராசரி எடை எங்கே இருக்கிறது? காலையில் ஒருவர், மாலையில் மனைவி பிள்ளைகளோடு நால்வர், மறுநாள் கேஸ் சிலிண்டர்.

மெக்கானிக் கையில் போன கலை

திருகு போனதும் சரி செய்யும் வேலை மெக்கானிக்கிடம் போனது. அவரிடம் இருந்தது மூன்று வழிகள்.

முதலாவது எண்ணெயின் தடிமன். 5டபிள்யூ என்றால் நீர்த்தது, 15டபிள்யூ என்றால் கெட்டி. கெட்டியான எண்ணெய் குதிப்பை நன்றாக அடக்கும், ஆனால் சின்னக் குழிகளில் கையை உதறவைக்கும். கரிசல் ரோட்டு அலைகளுக்கு நீர்த்த எண்ணெய் உதவாது. வண்டி தொட்டில் மாதிரி ஆடும்.

இரண்டாவது எண்ணெயின் அளவு. குழாயில் எண்ணெய்க்கு மேலே காற்று இருக்கிறது. எண்ணெய் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், ஃபோர்க் முழுதாக அமுங்கும் கடைசி நேரத்தில் அது இன்னொரு ஸ்பிரிங் போல எதிர்க்கும். பிரேக் போட்டால் மூக்குக் குத்துவது இதனால் குறையும். அளவு மீறினால் ஆயில் சீல் பிதுங்கும்.

மூன்றாவது, ஸ்பிரிங்குக்கு மேல் வாஷரோ குழாய்த் துண்டோ வைப்பது. இதனால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். ஆள் உட்கார்ந்ததும் ஃபோர்க் தன் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 130 மி.மீ. அசைகிற ஃபோர்க் என்றால் ஏறக்குறைய 33 முதல் 43 மி.மீ. வரை.

இப்போது உப்புக்கு வருவோம். உப்பளக் காற்று ஃபோர்க் குழாயின் குரோம் பூச்சில் புள்ளி புள்ளியாகத் துரு ஏற்றும். அந்தப் புள்ளி ஒவ்வொரு அசைவிலும் ரப்பர் சீலை அறுக்கும். எண்ணெய் கசிந்து போனால் மிஞ்சுவது வெறும் ஸ்பிரிங். அதாவது வண்டி 1908க்கே திரும்பிப் போய்விடுகிறது! கசிவு பிரேக்கில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. கடற்கரை ஊர்க்காரர்கள் ஈரத்துணியால் அந்தக் குழாயைத் துடைத்து, காயவிட்டு வைப்பது நல்ல பழக்கம்.

திருகு திரும்பி வந்தது, யாருக்கு?

2021ல் ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி தன் அப்பாச்சி ஆர்.ஆர்.310 வண்டிக்கு, கூடுதல் பணம் கட்டினால் முழுவதும் மாற்றியமைக்கக்கூடிய முன் ஃபோர்க்கைக் கொடுத்தது. ஸ்பிரிங்கின் இறுக்கம், எண்ணெயின் ஓட்டம் இரண்டையும் ஓட்டுகிறவரே திருகி மாற்றிக்கொள்ளலாம். அந்த வண்டியின் என்ஜின் பி.எம்.டபிள்யூ.வோடு சேர்ந்து உருவாக்கியது என்பது சரித்திரத்தின் வேடிக்கை. எண்ணெயைக் கொண்டுவந்த கம்பெனியின் கூட்டாளிதான் தமிழ்நாட்டிலிருந்து திருகைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

ஆனால் அது ரேஸ் மாதிரி ஓட்டுகிறவர்களுக்கான வண்டி. அதில் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். எடை அதிகம் மாறாது. பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டியோடு தூத்துக்குடியிலிருந்து கிராமங்களுக்குப் போகிறவரின் மொபெட்டில் காலையில் பாரம் பின்னால் இழுத்து முன்சக்கரம் லேசாகிவிடும், மதியம் பெட்டி காலியாகித் திரும்பும். தினமும் இரண்டு தடவை எடை மாறுகிறது. திருகு உண்மையில் தேவைப்படுவது அவருக்குத்தான். சந்தையோ தேவையைப் பார்த்துத் திருகு வைப்பதில்லை, விலையைப் பார்த்துத்தான் வைக்கிறது.

தொண்ணூறு வருஷத்துக்கு முன் சாதாரண வண்டியில் இருந்த ஒரு வசதி இன்று விலையுயர்ந்த வண்டியின் பெருமையாக இருக்கிறது. அது மறுபடி சாதாரண வண்டிக்கு இறங்கி வரும்வரை, நல்ல மெக்கானிக்கும் சரியான அளவு எண்ணெயும்தான் ஏழையின் திருகு.