‘பத்து வருஷமாக’ என்பதன் ஆங்கிலம்

நாகர்கோவிலில் பத்து ஆண்டுகளாகக் குடியிருப்பவர் அதை ஆங்கிலத்தில் சொல்லப் புகுந்தால், “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்” என்பார். ஆங்கில இலக்கணம் கேட்பதோ, “ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.” ஒரே வாக்கியத்தில் இரண்டு இடங்களில் ஆசிரியரின் சிவப்பு மை விழுகிறது.

இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது நியாயமல்ல. “பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்” என்கிறது தமிழ், வினை நிகழ்காலம். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளையும் “பத்து வர்ஷமாயி இவிடெ தாமசிக்குந்நு” என்றே சொல்லும், அங்கும் நிகழ்காலம்தான். எப்போது தொடங்கியது என்பதை ‘ஆக’, ‘முதல்’, ‘இருந்து’ ஆகியவை சொல்லிவிடுவதால் வினைக்கு அந்த வேலை இல்லை. ஆங்கிலம் அதை வினையின் மேலும் ஏற்றுகிறது.

ஐரோப்பிய மொழிகள் எல்லாமே ஆங்கிலத்தின் வழியில் போவதுமில்லை. உதாரணமாக, நாகர்கோவில் அருகே மயிலாடிக்கு 1806-இல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயை எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மானியரான அவருடைய தாய்மொழியிலும் ‘பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’ என்பதற்கு நிகழ்கால வினையே போதும்.

வகுப்பறையில் ‘ஹேவ் பீன், வெர்ப், ஐஎன்ஜி’ என்று வாய்பாடு ஒப்பிப்பதைவிட, பிள்ளைகள் நன்கறிந்த ‘வருகிறது’ என்ற துணைவினையிலிருந்து தொடங்குவது நல்லது. பேச்சிப்பாறை அணை 1906 முதல் நாஞ்சில் வயல்களுக்குத் தண்ணீர் தந்து வருகிறது. இந்தத் ‘தந்து வருகிறது’தான் ‘ஹேஸ் பீன் கிவிங்’. ‘முதல்’, ‘இருந்து’ வந்தால் சின்ஸ். ‘ஆக’ வந்தால் ஃபார். காலையிலிருந்து என்றால் ‘சின்ஸ் திஸ் மார்னிங்’, மூன்று மணி நேரமாக என்றால் ‘ஃபார் த்ரீ அவர்ஸ்’. தமிழிலேயே இருக்கும் இந்த வேறுபாட்டைக் காட்டிவிட்டால் பாதிப் பிழை குறையும்.

எண்ணிக்கை வரும்போதும் தமிழ் கைகொடுக்கும். “காலையிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்” என்பது தொடர்ச்சி: ‘ஹேவ் பீன் ரைட்டிங்’. “மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன்” என்பது முடிந்த கணக்கு: ‘ஹேவ் ரிட்டன்’.

ஆனால் ‘தெரியும்’ போன்ற நிலை வினைகளில் ஐஎன்ஜி கூடாது. “அவரைப் பத்து வருஷமாகத் தெரியும்” என்பதற்கு ‘ஐ ஹேவ் நோன் ஹிம்’ என்பதே சரி.

உண்மையில் கடினமான இடம் வேறு. மழை விட்டுவிட்டது, சாலை நனைந்திருக்கிறது. அதைப் பார்த்த ஆங்கிலேயர் “இட் ஹேஸ் பீன் ரெய்னிங்” என்பார். தமிழர் சொல்வது “மழை பெய்திருக்கிறது”. செயல் நின்றுபோன பிறகும், அதன் தடம் கண்ணுக்குத் தெரிவதால் தொடர்வினையைப் போடும் இந்த வழக்கத்துக்குத் தமிழில் நேர் இணை இல்லை. இதைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில், ஆசிரியர் சன்னலைத் திறந்து காட்டியே இதை நடத்தலாம்.