குதிரைவீரரின் தட்டை உருவங்கள்: தீவகக் கடல்வழியும் சேதுநாட்டுச் சுவரும்

வரலாற்றுப் போர்வீரரைச் சிற்றுருவாக்கி வண்ணந் தீட்டும் கலை பொதுவாக ஓய்வுநேர விளையாட்டு என்றே மதிக்கப்படுகிறது. ஆயின், கலைப்பொருள் எதுவும் அது தோன்றிய சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளினின்றும் விலகி நிற்பதன்று. குதிரைமீது வீற்றிருக்கும் வீரனைக் கண்கவர் வண்ணத்திற் காட்டும் உருவம், அக்குதிரையை அவனுக்கு அளித்தவர் யார், அதற்கான செல்வம் எவர் உழைப்பினின்று பெறப்பட்டது என்னும் வினாக்களை மறைத்து நிற்கிறது. இவ்வினாக்களை எழுப்பி, ஐரோப்பியச் சிற்றுருவங்களோடு தமிழ்நிலத்துச் சான்றுகள் சிலவற்றை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நூரெம்பேர்க்கின் ஈயவீரர்

வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகத்தை, பலகைக்கல்லில் எதிருருவாகச் செதுக்கிய அச்சில் வார்த்துப் பெறும் மெல்லிய தட்டை உருவங்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரில் செழித்தன. பிரசிய மன்னன் இரண்டாம் பிரெடரிக்கின் போர்ப்புகழ் பரவியிருந்த காலம் அது. ஹில்பேர்ட் குடும்பத்தினர் அம்மன்னனின் படையினரை உருவங்களாக வார்த்து விற்றனர். 1839இல் எர்ன்ஸ்ட் ஹைன்றிக்சன் அந்நகரில் நிறுவிய பட்டறை, வீரனின் உயரத்தைச் சுமார் 30 மில்லிமீற்றர் என வரையறுத்துக்கொண்டது. ஒரே அளவு உறுதிப்பட்டதும், வெவ்வேறு பட்டறைகளின் குதிரைப்படைகளை ஓரணியில் நிறுத்துதல் கூடுவதாயிற்று. கைவினைப்பொருள் சந்தைச் சரக்காக மாறியமையை இது உணர்த்துகிறது.

இத்தட்டை உருவத்திற்கு வண்ணந் தீட்டுவதில் தனி நுட்பம் உண்டு. புடைப்பு மிகச் சிறிது ஆதலால், குதிரையின் வயிற்றுத் திரட்சியும் சட்டையின் மடிப்பும் ஒளிநிழல் வண்ணங்களாலேயே தோற்றுவிக்கப்படல் வேண்டும். இன்று இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் ஓர் உருவத்திற்குப் பல மணிநேரம் செலவிடுவர். ஆயின் 19ஆம் நூற்றாண்டில் வண்ணந் தீட்டியோர் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமாவர். வீட்டிலிருந்தவாறே, எண்ணிக்கைக்கேற்ற கூலி பெற்று உழைத்தோர். 'மூலதனம்' முதலாம் பாகத்தில் (1867) இங்கிலாந்தின் வீட்டுத்தொழிலில் நிகழ்ந்த சுரண்டலை மார்க்ஸ் விரித்துரைப்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். வசதிபடைத்த வீட்டுச் சிறுவன் விளையாடுவதற்கு, வறிய வீட்டுச் சிறுவன் வீரனுக்குச் சட்டை தீட்டினான்.

2. சாட்டிக்கு அப்பாலுள்ள கடல்

தமிழ்நிலத்தில் குதிரைவீரனின் உருவத்தை ஆராயப் புகுவோர் முதலிற் குதிரையின் வரவை நோக்கல் வேண்டும். அவ்வரவு பெரிதும் கடல்வழியே நிகழ்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடலிற் புரவிகள் வந்தமையைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையும், நரி பரியான திருவிளையாடலும் பக்திப் புனைவுகளேயாயினும், அரசின் பெரும்பொருள் குதிரைக் கொள்முதலுக்குச் சென்றதென்னும் உண்மை அவற்றின் அடித்தளமாயுள்ளது. பாண்டிநாட்டிற்கு ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் இறக்குமதியாகி, உரிய பராமரிப்பின்றி மடிந்தமையை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எடுத்துரைக்கிறார்.

வேலணைத் தீவின் கரையிலுள்ள சாட்டி, கடலோடிகளின் காவலாகப் போற்றப்படும் சிந்தாத்திரை மாதா கோயிலாற் பெயர்பெற்ற இடமாகும். அதற்கப்பால் புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எனத் தொடரும் தீவுகள் இக்குதிரை வணிகத்தின் இருவேறு காலங்களுக்குச் சான்று தருகின்றன. முதற் சான்று, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கும் அக்கல்வெட்டு, உடைந்த கலங்கள் பற்றியும் விதி வகுக்கிறது. யானையும் குதிரையும் கொணர்ந்த கலம் உடையின் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்திற்கு. எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய சரக்கேற்றிய கலமாயின் இரு சாராருக்கும் சரிபாதி.

இவ்வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. குதிரை வணிகனுக்கு அரசன் காட்டிய சலுகை அருளன்று, போர்த்தேவையின் விளைவாகும். வயலிற் பெற்ற உபரியைப் படையாக மாற்றும் சாதனங்களுட் குதிரையும் ஒன்றாதலின், அதனைக் கொணர்பவனை அரசு இழக்க விரும்பவில்லை.

இரண்டாஞ் சான்று நெடுந்தீவாகும். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற குதிரைகளை, பின்வந்த ஒல்லாந்தர் அங்குப் பெருக்கி வளர்த்தனர். முன்னைய அரசுகள் விலைகொடுத்து வாங்கியதைக் குடியேற்ற அரசு தன் ஆட்சிக்குட்பட்ட தீவொன்றிலேயே உற்பத்தி செய்யலாயிற்று.

3. இராமலிங்க விலாசம்

இத்தீவுகளுக்கு எதிர்க்கரையான சேதுநாட்டில், இராமநாதபுரத்து இராமலிங்க விலாச அரண்மனைச் சுவர்கள் வரலாற்றுப் போரொன்றைத் தட்டை உருவங்களாகக் காட்டுகின்றன. கிழவன் சேதுபதியின் (1674–1710) காலத்தில் எழுந்த இம்மாளிகையின் ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியன. தஞ்சை மராத்தியருடன் சேதுபதி நிகழ்த்திய போரில் குதிரைவீரர், காலாட்படையினர், பீரங்கிகள் ஆகியன நெருங்கி நிற்கின்றன. ஜேர்மனிய உருவங்கள் போல் ஒளிநிழலால் திரட்சியைத் தோற்றுவிக்கும் முயற்சி இங்கில்லை. கோட்டினால் வரம்பு கட்டி, உள்ளே ஒரே வண்ணம் நிரப்பும் முறையே பெரிதும் கையாளப்பட்டுள்ளது. குதிரைகள் பக்கத்தோற்றத்தில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுவதால், தனிவீரனன்றிக் கூட்டமே கண்ணிற் படுகிறது.

அதே மாளிகையில் இராமாயணக் காட்சிகளும், அரசன் மகளிருடன் இன்புறுதலும், ஐரோப்பியரை வரவேற்றலும், இராசராசேசுவரி அம்மனிடம் செங்கோல் பெறுதலும் தீட்டப்பட்டுள்ளன. இவ்வமைவு தற்செயலானதன்று. போரால் நிலைநாட்டிய ஆட்சியைத் தெய்வம் தந்த ஆட்சியாகக் காட்டுதலே அதன் பணியாகும். நிலமானியம் பெற்றுப் போர்க்கடமை ஆற்றிய மறவர் படையே சேதுபதியின் வலிமை. சுவரில் அப்படையினர் உளர். அம்மானிய நிலங்களை உழுதோர் இலர்.

4. சீருடையும் கிளர்ச்சியும்

கும்பினி ஆட்சி வேரூன்றியபோது ஓவியரின் புரவலர் மாறினர். தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் சிப்பாய்கள், தொழிலாளர், சாதியினர் ஆகியோரின் உருவங்கள் தாளிலும் அப்பிரகத் தகட்டிலும் தீட்டப்பட்டு ஐரோப்பியருக்கு விற்கப்பட்டன. அரண்மனைச் சுவரினின்று இறங்கிய வீரன், நினைவுப்பொருளாகக் கப்பலேறினான்.

சீருடையின் நிறத்தையும் பொத்தானையும் பிழையறத் தீட்டுதலே வரலாற்று உண்மை எனச் சிற்றுருவக் கலைஞர் கருதுவர். சீருடைக்கும் அரசியல் உண்டு என்பதற்கு வேலூர் சான்றாகும். தோற்பட்டம் பொருத்திய புதிய தலைப்பாகையும், சமயக்குறி, தாடி, காதணி ஆகியவற்றுக்கு விதித்த தடையும் 1806 ஜூலை 10ஆம் நாள் எழுந்த சிப்பாய்க் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களாயின. அதனை ஒடுக்க ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் தலைமையில் விரைந்தது குதிரைப்படையே. ஆங்கிலேயக் குதிரைவீரரோடு சென்னைப் படையின் சுதேசக் குதிரைவீரரும் அதில் இருந்தனர். அன்றைய குதிரைவீரனொருவனை இன்று தீட்டுபவர் அவனது சட்டைநிறத்தை மட்டுமறிதல் போதாது. அவன் எவருக்காக, எவர்மீது பாய்ந்தான் என்பதையும் அறிதல் வேண்டும்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, குதிரைவீரனின் தட்டை உருவம் மூன்று நிலைகளைக் கடந்துள்ளமை புலனாகும்: அரசனின் புகழ்ச்சாதனம், குடியேற்றக்காரரின் நினைவுப்பொருள், முதலாளித்துவச் சந்தையின் சரக்கு. இவை மூன்றிலும் உழைப்பே மறைக்கப்படுகிறது. எனினும் இக்கலையைப் புறக்கணித்தல் பொருந்தாது. சுவரோவியங்கள் போர்க்கருவி, சேணம், உடை ஆகியவற்றுக்கு முதன்மைச் சான்றுகளாகும்.

நெடுந்தீவின் புல்வெளிகளில் இன்றும் குதிரைகள் கட்டின்றித் திரிகின்றன. வரட்சிக் காலங்களில் நீரின்றி மடிவனவும் உள. அங்குள்ள குதிரைலாய இடிபாடுகளையும், நயினாதீவுக் கல்வெட்டையும், இராமலிங்க விலாச ஓவியங்களையும் தனித்தனியே காணாது, ஒரே கடற்பொருளாதாரத்தின் கூறுகளாக இணைத்து ஆராயும் பணியை இளம் ஆய்வாளர் மேற்கொள்வாராயின், அரசர் வரலாற்றினின்று மக்கள் வரலாற்றை நோக்கி நாம் ஓரடி முன்செல்லலாம்.