மதகும் மருந்தும்

பரங்கிப்பேட்டைப் பெரியவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் தம் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். "ஹஜ்ரத், புது பிரஷர் மாத்திரை தொடங்கி இரண்டு வாரம்; கிரியாட்டினின் ஒன்றிலிருந்து 1.2 ஆகிவிட்டது. கிட்னியைத் தின்னும் மாத்திரை வேண்டாமென்று நிறுத்திவிட்டேன்" என்றார். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையை மட்டும் அவர் நிறுத்தவில்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பல இல்லங்களிலும் கேட்கும் பேச்சே இது. இதில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை வரலாற்றின் வழியே காண்போம்.

இரத்த அழுத்தத்திற்கும் சிறுநீரகத்திற்கும் உள்ள உறவு மருந்துக்கு முற்பட்டது. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரகம் பழுதுற்று இறந்தோரின் இதயச் சுவர் தடித்திருப்பதை 1836இல் எடுத்துரைத்தார். 1898இல் சுவீடனில் டிகர்ஸ்டெட்டும் அவர் மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து அழுத்தத்தை உயர்த்தும் ஒரு பொருளைக் கண்டு, 'ரெனின்' எனப் பெயரிட்டனர். 1934இல் அமெரிக்காவில் கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகக் குழாயை இடுக்கியால் நெருக்க, அதன் இரத்த அழுத்தம் ஏறிற்று. சிறுநீரகம் கெட்டால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் கெடும். மாத்திரை ஒன்றும் வழக்கில் வராத காலத்திலேயே இந்தச் சுழல் மனிதரை மாய்த்துக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து தேடிய வரலாற்றில் நம் நாட்டிற்குச் சிறப்பான இடமுண்டு. டில்லி திப்பியாக் கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான் அவர்களின் ஊக்கத்தால் சர்ப்பகந்தா வேரை ஆராய்ந்தவர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி. 1931இல் தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு, மறைந்த ஹக்கீமின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயர் சூட்டினார். அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் உலகறிய எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதே வேரிலிருந்து 'ரிசர்ப்பின்' பிரித்தெடுக்கப்பட்டது.

அடுத்த பெரும் மருந்துக்கு வழிகாட்டியது பாம்பின் நஞ்சு. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சில் செர்ஜியோ ஃபெரேரா கண்ட பொருளைப் பின்பற்றிச் சென்ற ஆய்வு, 1975இல் 'கேப்டோபிரில்' உருவாகக் காரணமாயிற்று. 1981இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலாப்ரில், ராமிப்ரில் அதன் இனத்தவை. லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் அதற்கு நெருங்கிய உறவு. பெரியவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதும் இவ்வகையே.

இவை சிறுநீரகத்தில் செய்வது யாது? வீராணம் ஏரியை அறிந்த நம் மக்களுக்கு இது எளிதில் விளங்கும். வடவாற்றின் வழியே நீர் வருகிறது. மதகுகளின் வழியே வெளியேறுகிறது. மதகை நெருக்கினால் நீர்மட்டம் ஏறிக் கரையை அழுத்தும். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டி ஒவ்வொன்றும் இத்தகைய ஏரியே. இம்மருந்துகள் இரத்தம் வெளியேறும் மதகைச் சற்றுத் திறந்துவிடுகின்றன. கரைக்கு நிம்மதி கிடைக்கிறது. ஆயினும் மட்டம் தாழ்வதால் வடிகட்டும் அளவும் சிறிது குறைந்து, கிரியாட்டினின் சற்று ஏறுகிறது. இந்த ஏற்றம் முன்னிருந்த அளவில் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் நிலைத்து நின்றால், பெரும்பாலும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரகம் பாதித்த நீரிழிவு நோயாளர் 409 பேரிடம் நடத்தப்பெற்று 1993இல் வெளியான ஆய்வில், கேப்டோபிரில் மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றின் அபாயத்தைப் பாதியாகக் குறைத்தது.

எனினும், வடவாறு வற்றிய வேளையில் மதகைத் திறந்து வைத்தால் ஏரி என்னாகும்? அபாயம் அங்கேதான். இரு சிறுநீரகக் குழாய்களும் சுருங்கியவர்க்கும், வாந்தி பேதியால் உடல் நீர் இழந்தவர்க்கும் இம்மருந்து கேடு செய்யக்கூடும். நீர் மாத்திரையும் வலி மாத்திரையும் இதனுடன் சேர்ந்தால் கேடு பன்மடங்காகும். ஏனெனில் வலி மாத்திரை உள்ளே வரும் வாய்க்காலையே நெருக்குகிறது. கருவுற்ற தாய்மார் இவற்றை உண்ணலாகாது. ஆகவேதான் மருந்து தொடங்கிய ஓரிரு வாரங்களில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் சோதிக்கின்றனர். ரமலான் நோன்புக்கு முன்னரும் மருத்துவரைக் கலந்துகொள்வது நலம்.

அழுத்தத்தை அடக்குவதற்குப் பெரும் பொருட்செலவும் தேவையில்லை. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்கள் வழிநடத்திய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகே சுமார் 25,000 மக்கள் வாழும் கிராமங்களில் வீடு வீடாகச் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து, மலிவான மருந்துகளை அளித்தது. இன்று அரிதாகிவிட்ட ரிசர்ப்பினும் அவற்றுள் ஒன்று. 2003இல் வெளியான அதன் அறிக்கையை உலகச் சிறுநீரக மருத்துவர்கள் கவனித்தனர். 2021 ஆகஸ்டு முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இரத்த அழுத்த மாத்திரைகளை இல்லம் தேடிக் கொணர்கிறது.

பெரியவரிடம் நாம் சொன்னது இதுவே: "காவலாளியை அனுப்பிவிட்டு, கன்னமிடுபவனை வீட்டில் வைத்திருக்கிறீர்கள்." மறுநாளே சீட்டுடன் வலி மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் சென்று மருத்துவரைக் கண்டார். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மருந்து செய்துகொள்ளப் பணித்த நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர், திண்ணைப் பேச்சைக் கேட்டு மருந்தைக் கைவிடுவதும் தகாது. சோதனையின்றி ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் தகாது.