என்ஃபீல்டு இந்தியா

என்ஃபீல்டு இந்தியா என்பது வடசென்னையின் தொழிற்பகுதியான திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தயாரித்த நிறுவனமாகும். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடம் உரிமம் பெற்றுத் தொடங்கப்பட்ட இது, தாய் நிறுவனம் மறைந்த பின்னர் தனித்து இயங்கியது. இன்று ஐச்சர் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவாக, ராயல் என்ஃபீல்டு என்ற பெயரிலேயே அறியப்படுகிறது.

தோற்றம்

மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1949 முதல் ராயல் என்ஃபீல்டு வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. 1950களின் முற்பகுதியில் இந்திய அரசு எல்லைக்காவலுக்கு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததால் அதன் தேவை பெருகியது. 1955இல் இரு நிறுவனங்களும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிப்பாகங்கள் இங்கு பொருத்தப்பட்டன. 1957இல் உற்பத்திக் கருவிகள் இந்திய நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 1962 அளவில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன.

தனித்து நின்றமை

ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. பிராட்போர்டு-ஆன்-ஏவனில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970இல் நின்றது. எனினும் கருவிகளும் தொழில்திறனும் திருவொற்றியூரில் இருந்தமையால் புல்லட் உற்பத்தி தடைபடவில்லை. 1977இல் அவ்வண்டி பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது.

தனித்து நிற்பதற்கு ஒரு விலையும் இருந்தது. புதிய வடிவமைப்புகளை அனுப்பித் தரத் தாய் நிறுவனம் இல்லாததால், 1955ஆம் ஆண்டு வடிவமே சிறு மாற்றங்களுடன் பல பத்தாண்டுகள் நீடித்தது.

பெயர் உரிமை

பிற துறைகளிலும் உரிமத்திலிருந்து விலகும்போது பெயரே முதற்சிக்கலாகிறது. உலகளாவிய குழுமத்தின் பெயருரிமத்தில் நடக்கும் தங்கும் விடுதி அவ்வுரிமத்தை விட்டால், கட்டடமும் பணியாளரும் எஞ்சுவர். பெயர்ப்பலகையும் முன்பதிவு வலையமைப்பும் நீங்கிவிடும். 2008இல் ஓபராய் குழுமமும் ஹில்டனும் பிரிந்தபோது சென்னையின் டிரைடன்ட் ஹில்டன் விடுதி டிரைடன்ட் என்றானது.

என்ஃபீல்டு இந்தியாவிலோ, தொழிற்சாலை முழுமையாக இயங்கியும் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர் நெடுங்காலம் அதற்கு உரியதாக இல்லை. 1990இல் பங்குகளை வாங்கிய ஐச்சர் குழுமம் 1994இல் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1995இல் அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையும் கிடைத்தது. ஆக, கருவிகள் கைக்கு வந்து ஏறத்தாழ 38 ஆண்டுகள் கழித்தே பெயர் வந்து சேர்ந்தது.

பிற்காலம்

2013இல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2017இல் இங்கிலாந்தின் புருண்டிங்தோர்ப்பில் ஒரு தொழில்நுட்ப மையம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து வடிவமைப்பைப் பெற்ற நிறுவனம், பின்னர் அந்நாட்டிலேயே தனக்கான வடிவமைப்பாளர்களைப் பணியமர்த்தியது.